எண்ணெய்ப் பீப்பாயில் பீத்தோவன் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கரீபியன் தீவுகளின் இசையைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். ட்ரினிடாட்டின் ஸ்டீல் ஆர்கெஸ்ட்ராவை "கரீபியன் தனக்கென்று செய்துகொண்ட சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த வரி என்னை விடவில்லை.

லண்டனில் இருக்கும் என் பேத்தி பள்ளியில் இந்த வாத்தியத்தைப் பழகுகிறாள். டபுள் செகண்ட் என்கிறாள். இரண்டு பீப்பாய்த் தட்டுகளை எதிரே மாட்டி, ரப்பர் சுற்றிய குச்சியால் தட்டுகிறாள். கோடையில் போயிருந்தபோது அவர்கள் நிகழ்ச்சியைக் கேட்டேன். 15 பிள்ளைகள் பீத்தோவனில் ஒரு பகுதியை வாசித்தார்கள். இனிமைதான். ஆனால் சிம்ஃபனி என்று சொல்லத் தோன்றவில்லை, ஜலதரங்கக் கச்சேரி போல இருந்தது.

மூன்று கேள்விகள். கியூபாவின் ஹவானாவிலும் புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலும் முறையான சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராக்கள் இருக்க, தகரப் பீப்பாய்க்கு அந்தப் பெயர் தகுமா? அடிமைப்படுத்தியவர்களின் இசையை அடிமைகளின் பேரப்பிள்ளைகள் வாசிப்பதில் என்ன பெருமை இருக்கிறது? கடைசியாக ஒரு வீட்டு விஷயம். பேத்தி வீட்டில் வைத்திருக்கும் செட்டில் இரண்டு சுரங்கள் கரகரக்கின்றன. அவள் அப்பா சிறிய சுத்தியலால் தட்டிச் சரிசெய்து பார்க்கலாம் என்கிறார். செய்யலாமா?

ஒரு வாசகர், திருச்சி

*

அன்புள்ள ஐயா,

சுத்தியலை உடனே எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். கரகரப்புக்கு என்ன செய்வது என்று கடைசியில் எழுதுகிறேன். இந்தக் கருவி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் அது விளங்கும்.

ஹவானாவுக்கும் சான் ஹுவானுக்கும் உள்ள உரிமையை நான் மறுக்கவில்லை. ஹவானா ஃபில்ஹார்மோனிக் 1924-இல் பெத்ரோ சான்ஹுவான் என்ற ஸ்பானியரின் தலைமையில் தொடங்கியது. அதில் வயலின் வாசித்த அமதேயோ ரொல்தான் 1932-இல் அதற்கே நடத்துநரானார். அவர் 1930-இல் எழுதிய 'ரித்மிகாஸ்' வரிசையில் ஐந்தாவதும் ஆறாவதும் தாள வாத்தியங்களுக்காக மட்டுமே எழுதப்பட்டவை. தெருவில் கிடந்த கியூபத் தாளக் கருவிகளைக் கச்சேரி மேடையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். டொமினிக்கன் குடியரசில் தேசிய சிம்ஃபனி 1941-இல் வந்தது. புவெர்ட்டோ ரிக்கோ சிம்ஃபனியின் முதல் கச்சேரி 1958 நவம்பர் 6-ஆம் தேதி மயாகுவெஸ் நகரில் நடந்தது. செல்லோ மேதை பாப்லோ கசால்ஸின் தாயார் பிறந்த ஊர் அது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆனால் இந்த ஊர்களில் எல்லாம் வயலினும் ஓபோவும் கொம்பும் ஏற்கெனவே கைக்குக் கிடைத்தன. ஆட்களைச் சேர்த்துச் சம்பளம் கொடுத்தால் ஆர்கெஸ்ட்ரா தயார். ட்ரினிடாட்டில் கருவியையே முதலில் செய்ய வேண்டியிருந்தது. நான் அந்த வரியில் சொல்ல வந்தது இதைத்தான்.

அது ஆங்கிலேயக் காலனி. ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் கார்னிவல் என்ற தெருத் திருவிழா நாட்களில் தோல்முரசு அடிப்பதை 1880-களில் அரசு சட்டம் போட்டு ஒடுக்கியது. முரசு போனதும் மூங்கிலை எடுத்தார்கள். டம்பு பம்பு என்று அதற்குப் பெயர். சுமார் ஐந்தடி நீள மூங்கிலைத் தரையில் குத்தினால் அது 'பூம்'. ஓரடித் துண்டுகள் இரண்டை முனையோடு முனை இடித்தால் 'ஃபூலே'. மெல்லிய மூங்கிலைத் தோளில் சாய்த்துக் குச்சியால் தட்டினால் 'கட்டர்'. கீழ்க்குரல், நடுக்குரல், மேல்குரல் என்ற பங்கீடு அப்போதே வந்துவிட்டதைக் கவனியுங்கள். ஒரு வாத்தியக் குழுவை ஆர்கெஸ்ட்ரா ஆக்குவது இந்தப் பங்கீடுதான், வயலின் அல்ல.

மூங்கில் குத்தக் குத்தப் பிளந்துபோகும். 1930-களின் கடைசியில் பையன்கள் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத் தொட்டி, கார் பிரேக் டிரம் என்று கையில் அகப்பட்ட உலோகத்தை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் டின் நசுங்கும், நசுங்கிய இடத்தின் ஒலி மாறும். அந்த மாற்றத்தை வேண்டுமென்றே செய்து பார்த்ததில்தான் எல்லாம் தொடங்கியது. போரின் காரணமாக 1942 முதல் 1945 வரை கார்னிவலுக்குத் தடை இருந்தது. தெருவில் இறங்க முடியாத அந்த ஆண்டுகளில் சந்துகளிலும் முற்றங்களிலும் தட்டித் தட்டிப் பழகியவர்கள், ஐரோப்பாவில் போர் முடிந்த 1945 மே மாதக் கொண்டாட்டத்தில் வெளியே வந்தார்கள். 1946 கார்னிவலில் ஜான் ஜான் பகுதியின் வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன், ஆளுநரின் முன்னால் 'காட் சேவ் த கிங்' வாசித்தார். தாளக் கருவி மெட்டுக் கருவியாகிவிட்டது என்று ஊருக்குத் தெரிந்த நாள் அது.

யார் முதல் என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எலி மெனட்டின் பெயரைத் தவிர்க்க முடியாது. முதலில் எல்லோரும் டின்னின் முகத்தை வெளியே புடைக்கும்படி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே குழியச் செய்தார். அதற்கு 55 கேலன் எண்ணெய்ப் பீப்பாயை எடுத்தார். குழித்தால் தகடு நீண்டு பரப்பு கூடும். பரப்பு கூடினால் சுரங்களுக்கு இடம் கிடைக்கும். எண்ணெய் எடுக்கும் நாடு, அமெரிக்கப் படைத்தளம் வேறு, பீப்பாய்க்குப் பஞ்சமில்லை.

இந்தப் பையன்களை ஊர் எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். இன்வேடர்ஸ், டெஸ்பரடோஸ், காசாபிளாங்கா, டோக்கியோ என்று சினிமாவிலிருந்தும் போர்ச் செய்தியிலிருந்தும் குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். தெருவில் இரண்டு குழுக்கள் எதிரெதிரே வந்தால் கல்லும் கத்தியும் பறக்கும். 1950 கார்னிவலில் இன்வேடர்ஸுக்கும் டோக்கியோவுக்கும் நடந்த அடிதடி பாட்டாகவே பாடப்பட்டது. மானமுள்ள வீட்டில் பையன் இதைத் தொட்டால் உதை. பெண் பிள்ளைகள் தொடவே முடியாது. உங்கள் பேத்தி இன்று சீருடையில் நின்று வாசிப்பதற்குப் பின்னால் இவ்வளவு தூரம் இருக்கிறது.

திருப்பம் 1951-இல் வந்தது. லண்டனில் பிரிட்டன் திருவிழா. அதற்கு ஒரு குழுவை அனுப்ப முடிவானது. டாஸ்போ என்று சுருக்கமாகச் சொல்வார்கள், ட்ரினிடாட் ஆல் ஸ்டீல் பெர்கஷன் ஆர்கெஸ்ட்ரா. ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்த குழுக்களிலிருந்து குழுவுக்கு ஒருவராக 11 பேரைப் பொறுக்கினார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் ஜோசப் கிரிஃபித், பார்படோஸ்காரர், போலீஸ் பேண்டு நடத்தியவர். அவர் வைத்த நிபந்தனைகள்தான் இந்த வாத்தியத்தின் தலையெழுத்தை மாற்றின. அதுவரை ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த சில சுரங்களை மட்டும் பீப்பாயில் வைத்திருந்தார். ஒருவரின் ஷட்ஜம் இன்னொருவருக்கு ஒவ்வாது. கிரிஃபித் 12 சுரங்களும் வேண்டும், எல்லாக் கருவிகளும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும் என்றார். பேஸ் என்ற அடிக்குரல் சுரத்துக்குப் பெரிய பரப்பு தேவை, ஒரு பீப்பாயில் எல்லாம் அடங்காது என்றபோது, ஒருவரே பல பீப்பாய்களை வைத்து வாசிக்கட்டும் என்று தீர்த்துவைத்தார். இன்று நாம் காணும் ஆறு பீப்பாய், ஒன்பது பீப்பாய் பேஸ்கள் எல்லாம் அந்த ஒரு தீர்ப்பின் பிள்ளைகள். 1951 ஜூலை 26-ஆம் தேதி தேம்ஸ் நதியின் தென்கரையில் வாசித்தார்கள். தங்கள் ஊர்ப் பாட்டான கால்ப்சோவும் வாசித்தார்கள், ஐரோப்பிய இசையும் வாசித்தார்கள். 11 பேரில் ஒருவரான ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் லண்டனிலேயே தங்கிவிட்டார். உங்கள் பேத்தியின் பள்ளிக்கு இந்த வாத்தியம் வந்த வழி அங்கே தொடங்குகிறது.

இனி கருவி. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன்.

பீப்பாயின் தகடு சுமார் 1.2 மில்லிமீட்டர் கனம், வாய் சுமார் 57 செண்டிமீட்டர் அகலம். மூடித் துளைகள் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, துளையில்லாத அடிப்பக்கத்தைத்தான் எடுப்பார்கள். துருவோ நெளிவோ இருந்தால் அந்தப் பீப்பாய் வேண்டாம். விளிம்பிலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாக நடுவை நோக்கிச் சம்மட்டியால் அடித்துக் குழிப்பார்கள். மேல்குரல் கருவியான டெனருக்கு ஆழம் ஏறக்குறைய 20 செண்டிமீட்டர். கீழ்க்குரல் கருவிகளுக்குக் குழி குறைந்துகொண்டே வரும், பேஸுக்கு அதில் பாதிதான். டெனரில் நடுப்பகுதி நீண்டு நீண்டு, தகட்டின் கனம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இது நல்லதற்குத்தான். மெல்லிய நடுப்பகுதியில் உச்ச சுரங்கள், தடித்த விளிம்பில் கீழ்ச் சுரங்கள். அவசரப்பட்டு ஒரே இடத்தில் அடித்தவன் பீப்பாயைக் கிழித்துவிடுவான். கிழியாமல் மேடுபள்ளமாக விட்டாலும் பிறகு சுரம் நிற்காது.

குழித்ததும் அச்சுத் தகட்டை வைத்துச் சுரங்களின் எல்லையை வரைவார்கள். முனை மழுங்கிய உளியை வைத்துத் தட்டி, கோட்டின் மேல் ஒரு பள்ளம் இழைப்பார்கள். ஒரு சுரத்தின் அதிர்வு பக்கத்துச் சுரத்துக்குள் முழுதாகப் பாயாமல் தடுப்பது அந்தப் பள்ளம். ஆழம் போதாவிட்டால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். அதிகமானால் பின்னாளில் அங்கேதான் விரிசல் விடும். பிறகு பீப்பாயின் பக்கச் சுவரை அறுப்பார்கள். டெனருக்கு ஒரு சாண் அளவுக்கும் குறைவாக விட்டால் போதும், செல்லோ என்ற நடுக்குரல் கருவிக்கு நீளம் அதிகம், பேஸுக்கு அறுப்பதே இல்லை, முழுப் பீப்பாய்.

அடுத்தது நெருப்பு. சூடாக்குவது தகட்டை இளக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. சம்மட்டி அடியில் இரும்பின் உள்ளமைப்பு நெடுகச் சிதைந்து கிடக்கும். சுமார் 300 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் காட்டினால், எஃகில் இருக்கும் சிறிதளவு கரிமம் நகர்ந்து அந்தச் சிதைவுகளில் போய்ப் பிடித்துக்கொள்ளும். தகடு விறைக்கும். விறைத்த தகடுதான் அடி வாங்கியும் சுரத்தைக் காப்பாற்றும். அந்தக் காலத்தில் வெப்பமானி ஏது? பழைய டயரைக் கொளுத்தி, தகட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் இறக்குவார்கள். நீலம் ஓடினால் பதம். அதைத் தாண்டிச் சாம்பல் நிறம் வந்தால் தகடு தளர்ந்துவிட்டது, அத்தனை உழைப்பும் வீண்.

பிறகுதான் சுருதி சேர்ப்பது. கீழிருந்து தட்டினால் சுரப்பரப்பு மேல்நோக்கிச் சிறு மேடாக எழும்பும், சுருதி ஏறும். மேலிருந்து தட்டித் தாழ்த்தினால் இறங்கும். ஆனால் இது பாதி வேலைகூட இல்லை. ஒரு சுரத்தைத் தட்டும்போது அந்தச் சிறிய பரப்பு ஒரே விதமாக அதிர்வதில்லை. மொத்தமாக அதிர்வது ஆதாரச் சுரம். நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்து அதிர்வது இன்னொன்று, குறுக்கே பிரிந்து அதிர்வது மூன்றாவது. தகடு தன்போக்கில் விட்டால் இவை மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கத்தும், தகர ஒலிதான் வரும். நீளவாக்கு அதிர்வைச் சரியாக மேல் ஷட்ஜத்திலும், குறுக்குவாக்கு அதிர்வை அதற்கும் மேலே உள்ள பஞ்சமத்திலும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தம்புராவின் ஒற்றைத் தந்தியில் இயற்கையே தரும் வரிசையை, இங்கே ஒரு மனிதன் உள்ளங்கை அகலத் தகட்டில் சுத்தியலால் வரவழைக்கிறான். இந்த மேல் அலைகளைத் தனித்தனியே சுருதி கூட்டும் வித்தையில் பெர்ட்டி மார்ஷலுக்குத்தான் முதல் மரியாதை. ஒன்றைத் திருத்தினால் மற்றது நழுவும், ஒரு சுரத்தை முடித்தால் பக்கத்துச் சுரம் கலையும். மறுபடி மறுபடி சுற்றி வர வேண்டும். கடைசியில் குரோம் முலாம் பூசுவார்கள். முலாம் பூசியதும் சுரங்கள் சற்று விலகும், இன்னொரு சுற்று உட்கார வேண்டும்.

வாசிப்பவருக்குக் கிடைக்கும் கைத்தட்டலில் கால்வாசிகூட இந்தச் சுருதிக்காரருக்குக் கிடைப்பதில்லை. எனக்கு அது பெரிய குறை.

சுரங்களை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பக்கத்துச் சுரங்கள் எப்படியும் லேசாகச் சேர்ந்து அதிரும், தடுக்க முடியாது. அப்படியானால் பொருந்தும் சுரங்களைப் பக்கத்தில் வை, அதிர்வது அழகாகட்டும் என்று யோசித்தார் டோனி வில்லியம்ஸ். இன்றைய டெனரில் வெளிவட்டத்தில் 12 சுரங்கள். ஒரு திசையில் போனால் ஒவ்வொன்றும் முன்னதற்குப் பஞ்சமம், எதிர்த்திசையில் போனால் மத்யமம். ஒவ்வொன்றின் மேல் ஸ்தாயிச் சுரமும் அதற்கு நேர் உள்ளே, இரண்டாம் வட்டத்தில். நடுவில் நாலைந்து உச்ச சுரங்கள், இரண்டு விரல் அகலம்தான். மொத்தம் 28 அல்லது 29. உங்கள் பேத்தியின் டபுள் செகண்டில் கணக்கு வேறு. 12 சுரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, ஆறை இடத் தட்டிலும் ஆறை வலத் தட்டிலும் வைத்திருப்பார்கள். ஒரு தட்டை மட்டும் வரிசையாகத் தட்டச் சொல்லுங்கள், நம் கோப்ரியா ராகத்தின் ஆரோகணம் கேட்கும். கிட்டார் என்ற நடுக்குரல் தட்டுக்கும் இதே முறை. மூன்று தட்டு செல்லோவில் ஒவ்வொன்றிலும் நான்கு சுர இனம், நான்கு தட்டு செல்லோவில் மூன்று சுர இனம். சிக்ஸ் பேஸில் ஒரு முழுப் பீப்பாய்க்கு மூன்றே சுரம். ஆறு பீப்பாய்க்கு 18 சுரம், ஒன்றரை ஸ்தாயி. பெரிய குழுவில் 10 பேர் சிக்ஸ் பேஸ் வாசித்தால் அங்கேயே 60 பீப்பாய் நிற்கும்.

இப்போது உங்கள் "ஜலதரங்கம்" விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது 15 பேர். பள்ளிக் குழுவில் பேஸ் ஒன்றோ இரண்டோதான் இருந்திருக்கும், இடம் அடைப்பதால் சில பள்ளிகளில் அதுவும் இல்லை. டெனர்கள் மட்டும் முன்னால் கேட்டால் கிண்கிணி ஒலிதான் மிஞ்சும். ட்ரினிடாட்டின் பெரிய குழு என்பது போட்டி மேடையில் 120 பேர் வரை. டெனர், டபுள் டெனர், டபுள் செகண்ட் முன்வரிசை. நான்கு தட்டு குவாட்ரஃபோனிக், கிட்டார், செல்லோ நடுவில். டெனர் பேஸும் பேஸும் பின்னால். இவற்றுக்கிடையே 'எஞ்சின் ரூம்' என்று ஒரு தாளக் கூட்டம்: டிரம்ஸ், காங்கா, உரசி வாசிக்கும் ஸ்கிராட்சர், இரும்புக் கம்பியால் அடிக்கும் பிரேக் டிரம். அந்தப் பிரேக் டிரம் 1930-களின் அதே பிரேக் டிரம்தான். அதன் கணீர் ஒலி இல்லாமல் 120 பேரும் ஒரே காலப்பிரமாணத்தில் நிற்க மாட்டார்கள்.

சிம்ஃபனியை இந்தக் கூட்டத்துக்கு மாற்றி எழுதும்போது எங்கே இடிக்கும் என்று பார்த்தாலே இது எவ்வளவு ஆழமான வேலை என்பது புரியும். முதல் வயலினை டெனருக்கும் டபுள் டெனருக்கும் கொடுக்கலாம், இரண்டாம் வயலினையும் வயோலாவையும் டபுள் செகண்டுக்கு, கொம்புகளின் சுரக்கோவையைக் கிட்டாருக்கும் குவாட்ரஃபோனிக்குக்கும். சிக்கல் நீண்ட சுரத்தில். வில் இழுத்தால் வயலின் ஒலி நிற்கும், தகட்டில் தட்டிய ஒலி உடனே தேயத் தொடங்கும். அதனால் இரண்டு குச்சிகளையும் மாற்றி மாற்றி மிக வேகமாகத் தட்டி உருட்ட வேண்டும். 30 டெனர்கள் தங்கள் தங்கள் வேகத்தில் உருட்டும்போதுதான் ஒலி பிசிறில்லாமல் பட்டுப்போல நீளும். எல்லோரும் ஒரே வேகத்தில் உருட்டினால் நடுக்கம் கேட்கும். அடுத்து பேஸ். டபுள் பேஸ்காரர் ஒரே தந்தியில் விரலை நகர்த்தி ஓடிவிடும் வரிசையை, இங்கே ஒருவர் தன்னைச் சுற்றி நிற்கும் ஆறு பீப்பாய்களுக்கு நடுவே உடம்பைத் திருப்பித் திருப்பித் தட்ட வேண்டும். வேகமான ஓட்டமாக இருந்தால் மாற்றி எழுதுபவர் அதை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார். குச்சியும் முக்கியம். டெனருக்கு மெல்லிய ரப்பர், பேஸுக்குப் பஞ்சு ரப்பர் உருண்டை. டெனர் குச்சியில் ரப்பர் தேய்ந்தால் ஒலி கீச்சிடும், அதிகம் சுற்றினால் மேல் அலைகள் செத்து, மொத்தென்று கேட்கும்.

அடுத்து, நீங்கள் கேட்ட கடினமான கேள்வி. ட்ரினிடாட்டிலேயே அதைக் கேட்டவர்கள் உண்டு. சுதந்திரம் வந்த ஆண்டுகளில், கால்ப்சோவை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் இசையை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள் என்று கடுமையாகவே கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது விஷயத்தைத் தலைகீழாகப் பார்ப்பது என்று நினைக்கிறேன். 'பாம்' என்ற வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார்னிவல் திங்கட்கிழமை விடியற்காலையில் ஐரோப்பியச் செவ்விசை ஒன்றைக் கால்ப்சோ நடைக்குத் திருப்பி, எதிர்க் குழு திகைக்கும்படி தெருவில் எறிவார்கள். அதனால் அது வெடிகுண்டு. நெவில் ஜூல்ஸின் ட்ரினிடாட் ஆல் ஸ்டார்ஸ் இதில் பேர்போனவர்கள். இன்ன பாடல் என்று வெளியே கசியாதிருக்கக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் மெதுவாகத் தட்டி ஒத்திகை பார்த்தார்கள். கையில் காசில்லாத, பள்ளியை முடிக்காத, போலீஸ் துரத்திய இளைஞர்கள் மினுவெட் என்ற ஐரோப்பிய நடன இசையின் நான்கு குரல்களையும் காதால் பிரித்து, தாங்களே செய்த கருவியில், தங்கள் நடையில், தங்கள் தெருவில் வாசித்தார்கள். இதில் பணிவு எங்கே இருக்கிறது? அது மட்டுமல்ல. கால்ப்சோவுக்கு மட்டும் என்றால் எட்டுப் பத்துச் சுரங்களே போதும். 12 சுரமும் வேண்டும், நான்கு ஸ்தாயி வேண்டும், மென்மையாகவும் வாசிக்க வர வேண்டும் என்று கருவியை நெருக்கியது இந்தப் பெரிய இசைதான். அந்த நெருக்கலில் பிறந்த செல்லோவும் பேஸும் பிறகு கால்ப்சோவுக்கே திரும்பி வந்து அதை வளர்த்தன.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டு, 1963-இல், பனோரமா என்ற போட்டி தொடங்கியது. முதல் ஆண்டே டோனி வில்லியம்ஸின் நார்த் ஸ்டார்ஸ் வென்றது. குழுக்களின் வன்முறையை மேடைப் போட்டியாக மாற்றியதில் பனோரமாவுக்கும், பிரதமர் எரிக் வில்லியம்ஸ் நிறுவனங்களைக் குழுக்களுக்கு ஆதரவளிக்கச் சொன்னதற்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் வருடத்தின் உழைப்பு முழுவதும் 8 நிமிட வாசிப்பு ஒன்றில் குவிந்துவிடுகிறது. தெருவில் வாசிப்பது மெலிந்தது, பனோரமா முடிந்தால் குழுக்கள் கூடிப் பழகும் முற்றங்கள் பல வெறிச்சோடுகின்றன. 2007-இல் தேசிய ஸ்டீல் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா அமைத்தது இதற்கு ஓரளவு மருந்து. வாசிப்பவர்களுக்கு இது ஒரு வேலை என்று ஆனது, ஆண்டு முழுவதும் கச்சேரி என்று ஆனது. 1992-இல் தேசிய வாத்தியம் என்று அறிவித்ததையும், 2024-இல் அரசு முத்திரையில் கொலம்பஸின் கப்பல்களை எடுத்துவிட்டு ஸ்டீல்பேன் எனப்படும் இந்த வாத்தியத்தை வைக்க முடிவு செய்ததையும் நான் வரவேற்கிறேன். ஆனால் முற்றத்துக்கு உயிர் கொடுப்பது மாதச் சம்பளம்தான்.

பனோரமாவைக் குறை சொன்னாலும் அதன் கற்பிக்கும் முறையை வியக்காமல் இருக்க முடியாது. அங்கே பெரும்பாலோருக்கு இசைக்குறிப்புத் தாள் கிடையாது. இசையமைப்பாளர் ஒவ்வொரு பிரிவிலும் 'கிராக்ஷாட்' எனப்படும் கெட்டிக்காரர்களுக்கு வாசித்துக் காட்டுவார். அவர்கள் தங்கள் வரிசைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். சில வாரங்களில் 100 பேருக்கு மேல், 8 நிமிடம் அதிவேகமாக ஓடும் சங்கதிகளை மனப்பாடமாக வாசிப்பார்கள். நம்முடைய குருகுல வழக்கத்தில் பழகியவர்களுக்கு இது அன்னியமாகத் தோன்றாது. இந்த மேடையில் 9 முறை வென்றவர் ஜிட் சமரூ, லோப்பினோட் பகுதியில் வளர்ந்த இந்திய வம்சாவளிக்காரர். ரெனகேட்ஸ் குழுவுக்கு 1982 முதல் 1997 வரை அந்த ஒன்பதையும் வாங்கித் தந்தார், அதில் கடைசி மூன்று தொடர்ச்சியானவை. நடுக்குரல் கருவிகளை அவர் வெறும் கோவை தட்ட விடமாட்டார், அவற்றுக்கும் ஓடும் மெட்டு கொடுப்பார். உங்கள் பேத்தி டபுள் செகண்ட் வாசிப்பதால் அவருடைய பதிவுகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இனி கரகரப்பு. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் குச்சியின் ரப்பர். தேய்ந்து மரமோ அலுமினியமோ தகட்டில் பட்டால் கரகரக்கும், இது சில நிமிட வேலை. அடுத்து தட்டு தொங்கும் கயிறு விளிம்பில் உரசுகிறதா, கொக்கியோ தாங்கியின் திருகோ தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டைக் கழற்றி ஒருவர் விளிம்பைக் கையில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தட்டட்டும். கரகரப்பு போய்விட்டால் குற்றம் தாங்கியில்தான். அறையில் வேறு ஏதாவது கூடவே அதிர்கிறதா என்றும் கவனியுங்கள், ஜன்னல் கண்ணாடி இதில் அடிக்கடி ஏமாற்றும்.

போகவில்லை என்றால், கரகரக்கும் சுரத்தைத் தட்டிக்கொண்டே சுற்றியுள்ள சுரங்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தச் சொல்லுங்கள். எதை அழுத்தும்போது ஒலி தெளிகிறதோ, சுருதி விலகியிருப்பது அதில்தான், கரகரக்கும் சுரத்தில் அல்ல. சுத்தியல் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுவே. அப்பா நோயில்லாத இடத்தை அடிப்பார், மூன்று அலைகளும் குலையும், கூடவே நான்கு பக்கத்துச் சுரங்களும் போகும். கடைசியாக வெளிச்சத்தில் பள்ளக்கோட்டை உற்றுப் பாருங்கள். மயிரிழை விரிசலோ துருக்கோடோ தெரிந்தால் அந்தத் தட்டு பிழைப்பது கடினம். இல்லையென்றால் சுருதிக்காரரிடம் கொடுங்கள். லண்டனில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. வருடத்துக்கு ஒருமுறை கொடுப்பதே நல்லது.

வெயிலில் எஃகு விரியும், சுருதி நழுவும். பெர்ட்டி மார்ஷல் தன் குழுவின் கருவிகளுக்கு மேல் பந்தல் போட்டது இதற்காகத்தான். லண்டனில் வெயிலைவிட அறைச்சூடேற்றிதான் ஆபத்து, செட்டை அதன் பக்கத்திலிருந்து நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். தட்டுக்குள் தட்டை அடுக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், வியர்வை உப்பு முலாமைத் தின்றுவிடும்.

அடுத்த முறை போகும்போது பெரிய குழு ஒன்றின் முற்ற ஒத்திகைக்கு அவளோடு போய் வாருங்கள். முன்னால் நாற்காலி போட்டு உட்காராமல், பேஸ் பீப்பாய்களுக்குப் பின்னால் போய் நில்லுங்கள்.

அன்புடன்.